இரண்டு பேருக்கு மாவு

ஒருவருக்கு மட்டும் மாவு அரைக்க முடியாது. கிரைண்டர் அப்படிப்பட்டது. ஓர் ஆழாக்கு அரிசியைப் போட்டால் மாவு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், கல் கல்லோடு உரசும். வழித்து வழித்துத் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். அதனால் தனியாக இருப்பவர்கள் கடையில் பாக்கெட் மாவு வாங்குவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன்.

நீங்கள் முதலில் கிரைண்டரைப் பற்றிக் கேட்டீர்கள். கலையரசி உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். மாவு அரைத்ததற்கும் வெற்றிவேல் இறந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குப் புரியவில்லை. அதில் தவறில்லை. அது படித்துப் பழகியவர்களுக்கான விஷயம். நான் விளக்குகிறேன். விளக்குவது என் தொழில்.

அந்த நாற்காலி ஆடும். இதில் உட்காருங்கள்.

என் பெயர் அருள்மொழி. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். பழம்பாடல்கள், சிறுகதை, இரண்டும் என் பொறுப்பு. வகுப்பில் குரலை உயர்த்த மாட்டேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒன்றையே சொல்வேன். பாட்டில் வரும் எதுவும் சும்மா வருவதில்லை. எருமை குளத்தில் இறங்கித் தாமரையை மிதித்தால் அது எருமையைப் பற்றிய செய்தி அல்ல. மனைவியை விட்டு வேறொருத்தியிடம் போனவனைப் பற்றிய செய்தி. இதற்கு உள்ளுறை என்று பெயர். கதையும் அப்படித்தான். முதல் பக்கத்தில் கதவருகே ஒரு குடை சாத்தியிருந்தால் அது யாருடையது என்று கேளுங்கள் என்பேன்.

போன வருடம் அஜித் என்ற மாணவன் பின்வரிசையிலிருந்து கேட்டான்.

"நேராவே சொல்லிட்டா இன்னா மிஸ்? எதுக்கு எருமையெல்லாம் இஸ்துக்கினு வரணும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நேராகச் சொன்னால் கேட்பவருக்கு வேறு வழியில்லை, சுற்றிச் சொன்னால் அவர் விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம், அது ஒரு மரியாதை என்று சொன்னேன். இதை இன்றும் நம்புகிறேன். நடந்ததைப் புரிந்துகொள்ள இது உங்களுக்கு உதவும்.

இந்த வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். முன்னால் தெரு. பின்னால் கொல்லை, கொல்லைக் கதவு, அதற்கு அப்பால் மக்காச்சோளக் காடு, அப்புறம் அணைக்குப் பிரியும் ரோடு, அதற்கும் அப்பால் மலை. கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் உண்டு. கல்லூரிக்குப் போய்த் திரும்ப வசதி. அம்மா போனபின் நான் மட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் தேவையில்லாமல் இரண்டு கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்லும்வரை வீட்டில் ஒரு குரல் இருக்கும். விடுமுறை நாட்களில் மாலைக்குள் என் தொண்டை கட்டிப்போயிருக்கும். பேசாமலே இருந்தால் அப்படி ஆகும். டாக்டர் வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

கலையரசி எங்கள் துறைக்கு வந்தாள். மணலூர்பேட்டைப் பெண். அங்கே அவர்களுக்குக் கரும்பும் நெல்லும் உண்டு. தினம் போய்வர முடியாது. தனியாக அறை எடுக்க அண்ணன் விடவில்லை. என் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். அவர் பெயர் ராஜாங்கம்.

அவள் வந்த வாரம் அம்மாவின் கிரைண்டரைத் துடைத்து வெளியே எடுத்தேன்.

சாயங்காலங்களில் படிப்போம். அவள் இலக்கணம் நடத்துபவள், பாட்டை வரி வரியாகப் பிரித்துப் போட்டுவிடுவாள். நான் சேர்த்து வைப்பேன். சமைத்துக்கொண்டே பேசுவோம். தோசைக்கல்லில் ஊற்றிக்கொண்டே அவள், "அக்கா, இந்தப் பாட்டுல நண்டு எதுக்கு வருது?" என்பாள். நான் சொல்வதற்குள் தோசை கருகிவிடும். கருகியதை நான் எடுத்துக்கொள்வேன். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. நன்றாக இருந்தது.

வெற்றிவேல் கருத்தரங்குக்கு வந்தவர். கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். மலையிலேயே பிறந்தவர். எல்லாரும் குறிஞ்சிப் பாட்டுகளைப் பற்றிக் கட்டுரை வாசித்து முடித்தபின் எழுந்து நின்றார்.

"நீங்க சொல்ற தினைப்புனம் எங்க வூட்டுக்குப் பின்னாடிதாங்க இருக்குது. இப்ப சாமை போட்டுக்கினு இருக்கோம். கிளி ஓட்டறதுக்குப் பொண்ணுங்கள அனுப்பறதில்ல. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோம். அதனால கிளிக்குக் கொண்டாட்டம், தலைவனுக்குத்தான் திண்டாட்டம்."

அரங்கம் சிரித்து அடங்கியது. கலையரசி அடங்கவில்லை.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வாசகர். சனிக்கிழமைகளில் வருவார். சாமை அரிசியோ பலாச்சுளையோ கொண்டுவருவார். மூன்று பேரும் கொல்லைப் படியில் உட்கார்ந்து படிப்போம். முன்கதவு வழியாக வர முடியாது. எதிர்வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்கு உறவு. அதனால் அணை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து கொல்லைக் கதவுக்கு வருவார். அந்த வழியைக் காட்டியது நான்தான்.

ராஜாங்கம் மாதத்துக்கு ஒரு முறை வருவார். வெல்லம் கொண்டுவருவார். உட்கார்ந்ததும் தங்கையின் போனை வாங்கிக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். யாரோ மலைக்காரன்கூட இவ பேசிக்கினு இருந்தாள்னு காலேஜ் பக்கம் ஒரு பேச்சு வந்துச்சு. நீங்க இருக்கறதால கொஞ்சம் தைரியமா இருக்கறேன்."

அதனால் அவர்களுக்குள் பேச்சு என் போன் வழியாக நடந்தது. பேசுவதும் பெரும்பாலும் நான்தான். பாட்டில் இதைச் செய்பவளுக்குத் தோழி என்று பெயர். தலைவிக்கும் தலைவனுக்கும் நடுவில் நிற்பவள். வெற்றிவேல் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"இன்னா தோழி, தலைவி இன்னா சொல்றாங்க?"

நான் பாட்டு மொழியிலேயே பதில் சொல்வேன். யார் காதில் விழுந்தாலும் பாடம் என்று நினைப்பார்கள். விளையாட்டாகத் தொடங்கியது. போகப் போக எங்கள் மூன்று பேருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது.

இங்கே நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மலைநாட்டுப் பாடல்களில் தலைவன் இரவில் தலைவியைப் பார்க்க வருவான். தோழி அவனிடம் சொல்வாள்: வழி பொல்லாதது, காட்டாற்றில் வெள்ளம், கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறது, பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், வராதே. அவள் சொல்வதன் பொருள் வராதே என்பதல்ல. இப்படி ஒளிந்து வந்தது போதும், ஊரறிய வந்து மணந்துகொள் என்பது. வழியின் ஆபத்தைச் சொல்லி வராதே என்றால், வா என்று பொருள். இது மரபு. எந்தத் தமிழ் மாணவனைக் கேட்டாலும் சொல்வான்.

நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். வழியில் யானை நிற்கிறது, வர வேண்டாம் என்று நான் சொன்னால் வீடு தோதாக இருக்கிறது, வரலாம் என்று பொருள். முதல் முறை அவர் கொல்லைக் கதவில் வந்து நின்று, "கல்வராயன்ல ஏது தோழி யானை? கெடைச்சா புடிச்சாந்து கட்டறேன்" என்றார். அண்ணன் வந்திருக்கிறார், உண்மையிலேயே வரக்கூடாது என்றால் தினை அறுத்தாயிற்று என்பேன். பாட்டில் தினை அறுத்துவிட்டால் காவல் முடிந்துவிடும். தலைவியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்தச் சொல்லை அவர் ஒரு தடவைகூட மீறி வந்ததில்லை.

ஒரு நாள் வகுப்பில் சுபஸ்ரீ என்ற மாணவி கேட்டாள். "மிஸ், தோழிக்குக் கல்யாணம் ஆவாதா?"

வகுப்பு சிரித்தது. பாட்டு அதைப் பேசவில்லை என்றேன். வீட்டுக்கு வந்தபின் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பாடல்களை எல்லாம் திரும்பப் புரட்டினேன். அவளுக்கு யாரும் இல்லை. தலைவியின் பசலையை அவள் பார்க்கிறாள், தலைவியின் வளை கழல்வதை அவள் பார்க்கிறாள். அவள் வளையைப் பார்க்க ஆளில்லை. கல்யாணம் ஆகித் தலைவி போய்விட்டபின் அவள் அந்தச் சாயங்காலத்தை எப்படிக் கழித்தாள் என்று யாரும் எழுதவில்லை. இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன். கவனித்ததே இல்லை.

மார்கழியில் அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பதிவுத் திருமணம். அவர் வியாழக்கிழமை சாயங்காலம் இங்கே வருவார், சாப்பிடுவார், வெள்ளி விடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கிருந்து மலைக்கு. வேலையை விடுவதாகக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டாள். கரியாலூரில் வீடு பார்த்தாகிவிட்டது. பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"நீங்களும் வந்துடுங்கக்கா. ஏன் இங்க தனியா கெடக்கறீங்க?"

"லீவுக்கு வரேன்."

"லீவுக்குதானா? அவங்கம்மா உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காங்க. 'யாரு அந்தத் தோழி, அவளுக்கு ஒரு கோழி அடிச்சிக் கொழம்பு வைக்கணும்'னு."

அவள் சிரித்தாள். அவள் சொன்னது உண்மைதான், கூப்பிட்டாள். கூப்பிட்ட விதம், விருந்தாளியைக் கூப்பிடும் விதம்.

வியாழக்கிழமை காலை பிச்சைமுத்து கொல்லைக் கதவைத் தட்டினார். பின்பக்கக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்தவர். உங்களுக்குத் தெரியும், வழக்கில் இருப்பவர். தோளில் கட்டுக்கம்பிச் சுருள் தொங்கியது. கதிர் பால் பிடித்த நேரம். பன்றிகள் ராத்திரியில் புகுந்து பாதிக் காட்டைச் சாய்த்துவிட்டன.

"டீச்சர், ஒரு சேதி. இருட்டிச்சின்னா காட்டுப் பக்கம் காலு வெக்காதீங்க. மோட்டார் கொட்டாயிலேந்து கம்பிக்குக் கரண்டு லைன் குடுத்துருக்கறேன். பாதைக்குக் குறுக்கயும் ஓடுது. விடிஞ்சா எடுத்துருவேன்."

"அது தப்பு இல்லையா?"

"தப்புதான். பன்னிக்கு யாரு சொல்றது? எம் பொண்டாட்டி குஞ்சம்மா கதிரப் பாத்துட்டு ஒரு வாய் சோறு துண்ல. நீங்க யாரண்டயும் சொல்லிக்காதீங்க. உங்க வூட்டு ஆளுங்களண்ட மட்டும் சொல்லி வெச்சிருங்க."

"சொல்லிடறேன்."

"உங்களண்ட சொன்னா போதும் டீச்சர். நீங்க சொன்னா கேக்காம யாரு இருக்கப் போறாங்க."

அவர் போனபின் கதவைச் சாத்தினேன். அரிசியும் உளுந்தும் எடுத்துக் கழுவி ஊற வைத்தேன். கல்லூரிக்குக் கிளம்பினேன்.

கலையரசி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். பிச்சைமுத்து வந்தது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எதையாவது பேசிக்கொண்டே வந்தாள். கம்பியைப் பற்றிச் சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை. கல்லூரியிலும் அமையவில்லை. அன்று எனக்கு வகுப்புகள் அதிகம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வெற்றிவேல் கூப்பிட்டார். கச்சிராயபாளையம் தாண்டிவிட்டதாகச் சொன்னார். பஸ் சத்தத்தில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது. ஒன்றும் தப்பிப்போகாமல் இருக்க ஸ்பீக்கரில் போட்டேன். கலையரசி என் எதிரே, இதோ இந்தத் தரையில், கால் நீட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தோழி, எறங்கப் போறேன். வழி எப்டி?"

நான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொன்னேன். "புனம் காப்பவர்கள் பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். பாதைக்குக் குறுக்கே ஓடுகிறது. தொட்டால் உயிர் போகும். அந்த வழியாக வராதே."

அவர் சிரித்தார். "தோழி இன்னிக்கி ஃபுல் ஃபார்ம்ல இருக்காங்க. நாளைக்கிக் கல்யாணத்த வெச்சிக்கினு இன்னும் வெரட்டறீங்களே? உத்தரவு. அதே வழியா வரேன்."

கலையரசி பூவிலிருந்து தலை நிமிர்ந்து, "பொறியில மாட்டிக்கினு வராதீங்க, கையெழுத்துப் போட கை வேணும்" என்றாள். அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள்.

போன் என் கையில் இருந்தது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டையைச் சரிசெய்து, பாதையில் நுழைய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. திரும்பக் கூப்பிட்டு, இது பாட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம். தினை அறுத்தாயிற்று என்று சொல்லியிருந்தால் அதுவே போதும். இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் ஒருவர் புரிந்துகொண்டதைத் திருத்துவது அவரை மட்டம் தட்டுவது. வகுப்பிலும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

எழுந்து போய் உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன்.

அம்மாவின் கிரைண்டர் பழையது. ஓடும்போது வாசலில் லாரி நின்றாலும் கேட்காது. கொல்லையில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் இதைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கலையரசி என் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். காதில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"ரிங் போய்க்கினே இருக்குது, எடுக்கல. கொஞ்சம் நிறுத்துங்கக்கா, ஒண்ணும் காதுல வுழல."

"உளுந்து பாதில இருக்கு. நிறுத்தினா கெட்டியாயிடும்."

நிறுத்தியபோது போனும் ஓய்ந்திருந்தது. மலைக்காரர் யாரையாவது வழியில் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்பார் என்றேன். அப்புறம் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டதால் திரும்பிப் போயிருப்பார் என்றேன். அணை ரோட்டு வரை போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தாள். முன்கதவைத் திறந்தால் எதிர்வீட்டில் பார்ப்பார்கள் என்றேன். பின்கதவு வழியாகப் போக நான் விடவில்லை. பார்த்தீர்களா, அவளை நான் விடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய உயிர்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது. மாவில் உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடி வைத்தேன்.

விடிந்ததும் கம்பியை எடுக்க வந்த பிச்சைமுத்து போட்ட சத்தத்தில்தான் தெரு எழுந்தது.

அதன்பின் நடந்தது உங்கள் காகிதங்களில் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் என்னை விசாரித்தார். பிச்சைமுத்து, "டீச்சராண்ட சொன்னேன் சார், டீச்சராண்ட சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆமாம், என்னிடம் சொன்னார் என்றேன். நான் வெற்றிவேலிடம் சொன்னேன் என்றேன். கலையரசியும் அதையே சொன்னாள்.

"அக்கா சொன்னாங்க சார். பொறி இருக்குது, தொட்டா உயிர் போயிடும், வராதேன்னு தெளிவா சொன்னாங்க. நாங்கதான் பாட்டுன்னு நெனச்சிச் சிரிச்சோம். நான் சிரிச்சேன் சார்."

இன்ஸ்பெக்டர் என்னிடம், "நீங்க உங்க கடமையச் செஞ்சிட்டீங்க மேடம்" என்றார். நான் இதுவரை யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ராஜாங்கம் வந்தார். அன்று போனைக் கேட்கவில்லை. தங்கையை அழைத்துப் போகவும் இல்லை. "உங்ககூடவே இருக்கட்டும் டீச்சர்" என்றார். கல்லூரியில் அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். துக்கத்தில் இருப்பவளிடம் எல்லாரும் கனிவாக நடந்துகொண்டார்கள்.

அவள் சாப்பிடவில்லை. மாவு புளித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு காலை தட்டில் இட்லி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிட்டு வாயில் வைத்தாள். புளிப்பு முகத்தில் தெரிந்தது. விழுங்கினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

தை, மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. நாங்கள் பாட்டுப் படிப்பதை விட்டுவிட்டோம். அவள் எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். ஆனால் வீட்டில் இருந்தாள். இன்னொரு தட்டு, கொடியில் இன்னொரு புடவை. பிச்சைமுத்து ஜாமீனில் வந்தார். குத்தகை போய்விட்டது. குஞ்சம்மாள் கொல்லைப் பக்கம் போகும்போது இந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வருத்தம்தான். ஆனால் லைன் கொடுத்தது அவர்.

போன மாதம் எனக்குத் தேர்வு வேலை. சில நாள் வெளியூரில் தங்க வேண்டியிருந்தது. கலையரசி இங்கே தனியாக இருந்தாள். நான் திரும்பி வந்தபோது கிரைண்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சமாக அரிசி போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மாவு ஓரத்தில் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. கல்லில் புதிதாக ஒரு கோடு.

"ஒருத்திக்கு இதுல அரைக்க முடியாது இல்லக்கா?"

"முடியாது. பாக்கெட் வாங்கியிருக்கலாமே."

"நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க பாக்கெட்தான் வாங்குனீங்கன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

அவள் ஈரத் துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கதையில ஒரு பொருள் சும்மா வராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. வெள்ளிக்கெழம விடிஞ்சதும், மாவு புளிக்கறதுக்குள்ள, நான் போயிருப்பேன். வெள்ளிக்கெழமைலேந்து நீங்க ஒருத்திதான். அப்ப வியாழக்கெழம எதுக்குக்கா அவ்ளோ மாவு?"

நான் அவளைப் பார்த்தேன். ஒரு கணம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை மாதங்களில் எத்தனை பேர் வந்து கேட்டார்கள். எல்லாரும் சொன்னதைப் படித்தார்கள். அவள் ஒருத்திதான் சொல்லாததைப் படித்தாள். என்னைச் சரியாகப் படித்த ஒரே ஆள்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மார்கழியில் மடித்த அதே பையில் புடவைகளை அடுக்கினாள். முன்கதவைத் திறந்துகொண்டு, தெருவில் எல்லாரும் பார்க்க நடந்து போனாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

நேராகச் சொல்லச் சொல்கிறீர்கள். சரி. எழுதிக்கொள்ளுங்கள்.

பாதைக்குக் குறுக்கே கம்பி இருப்பது எனக்குத் தெரியும். நான் வராதே என்று சொன்னால் அவர் வருவார் என்பதும் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். காலையில் பிச்சைமுத்து கதவைத் தாண்டிப் போகும்போதே எனக்கு முடிவாகிவிட்டது. இரண்டு பேருக்கு அரிசி ஊற வைத்தது அதனால்தான். அவரைக் கொன்றது கம்பி அல்ல, பிச்சைமுத்தும் அல்ல. நான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் கொடுத்தால் போதும், சமையலறையில் ஒரு வேலை இருக்கிறது. காலையில் அரிசி ஊற வைத்தேன். நீங்கள் வருவீர்கள் என்று தெரியாது. தண்ணீரை வடித்துவிட்டுச் சாவியைக் கதவுக்கு மேல் வைக்க வேண்டும். எங்கே வைப்பேன் என்று கலையரசிக்குத் தெரியும்.

வாசலில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது, "இனிமே இந்த வூட்டு வழியில கால் வெக்க மாட்டேன், நீங்களும் என்னத் தேடிக்கினு வராதீங்க" என்பது. எத்தனையோ சாயங்காலம் இந்தத் தரையில் உட்கார்ந்து என்னோடு படித்தவள் அவள். வராதே என்பதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.